அளவுமுகம்

மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கார்குழலியின் பக்கத்தில் நிற்கப் போட்டியே நடக்கும். சரவணம்பட்டியின் அந்த நாற்பது வீட்டுக் கட்டடத்தில் அவளைப் போல எல்லோருக்கும் வேண்டப்பட்டவர் வேறு யாரும் இல்லை. மின்தூக்கியை ஒட்டிச் சுவரில் ஒரு கண்ணாடி. தழும்புமானி என்று பெயர். எதிரே வருகிற முகத்தை அளந்து ஓரத்தில் ஓர் எண்ணைக் காட்டும். கார்குழலிக்கு எப்போதும் நூறு. பக்கத்தில் நிற்பவருக்கு இருபதோ முப்பதோ. காலை நேரத்தில் அந்தத் தெம்பைக் காப்பியால்கூடத் தர முடியாது.

பருத் தழும்பைச் சீராக்கும் இரண்டு கருவிகளில் எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிறுவனம் வந்ததில் தொடங்கியது இது. ஒளித்துளைப்பான் தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத துளைகளைச் சுடும். ஊசியலைக் கருவி நுண்ணூசிகளை இறக்கி, ஆழத்தில் மட்டும் அலைகளால் சூடேற்றும். சூடுபட்ட தோல் தன்னைத் தானே புதிதாக நெய்துகொண்டு பள்ளத்தை மேலே தூக்கும். ஒவ்வொருவருக்கும் இடக் கன்னத்தில் ஒன்று, வலக் கன்னத்தில் மற்றொன்று. அந்த வருடம் யாருக்கு எந்தக் கன்னம் வழுவழுத்தது, எது கறுத்தது என்பதைத் தவிரக் கட்டடத்தில் வேறு பேச்சே இல்லை.

எந்த அளவை வைத்து எண் தருவது என்று நிறுவனம் கேட்டது. நாடு முழுக்க எடுத்த பொது அளவு ஒன்று தயாராகத்தான் இருந்தது. சங்கக் கூட்டத்தில் அதை ஒருவரும் சீந்தவில்லை. டெல்லிக்காரர் முகம் எப்படியிருந்தால் நமக்கென்ன, எதிர்வீட்டு முகத்தைவிட நம் முகம் எப்படி என்று தெரிந்தால் போதாதா? கட்டடத்திலேயே மோசமான முகம் நூறு, மிகச் சீரானது சுழி, மற்றவர்கள் இடையில் என்று கைதூக்கி முடிவு செய்தார்கள்.

ஒப்பீட்டுக்கு ஒரு முகம் மட்டும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் ஒரு வருடம் அப்படியே இருக்க வேண்டும். அளவுமுகம். சீட்டுக் குலுக்கியதில் கார்குழலியின் பெயர் வந்தது. அவள் கன்னங்களோ குழிக்குள் குழியாக இருந்தவை.

அவள் தொலைக்காட்சிச் செய்தியின் ஓரச் சதுரத்தில் காது கேளாதவர்களுக்குச் சைகைமொழியில் சொல்கிறவள். அந்த மொழியில் கை பாதி, முகம் பாதி. தழும்புமானி ஊரெல்லாம் பரவியதும் நிலையம் ஒரு விதி போட்டது: அவரவர் கட்டடக் கண்ணாடியில் நாற்பதுக்கு மேல் எண் இருந்தால் திரையில் வரக்கூடாது. அவளை உள்ளறைக்கு மாற்றினார்கள். தீபாவளிக்குள் எண் இறங்கினால் சதுரம் அவளுக்கு. இல்லையென்றால் வேறொருத்திக்கு, நிரந்தரமாக.

வருடம் முடிந்ததும், அளவுமுகத்திலிருந்து விலகிச் சிகிச்சை எடுக்க, சங்கச் செயலாளர் பத்மலோசினியிடம் கையெழுத்துக் கேட்டுப் போனாள். அந்த அம்மாளின் எண் முப்பத்தெட்டு. வெள்ளி தவறாமல் கார்குழலிக்குப் பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டு செய்து அனுப்புகிறவர். அவ்வளவு பாசம்.

"என்ன கண்ணு அவசரம்? இந்த மொகத்துக்கு என்ன கொறச்சல்? லட்சணமாத்தான இருக்குது."

"அப்பறம் உங்க மொகத்துக்கு எதுக்குங்கக்கா ரெண்டு கருவி வெச்சீங்க?"

பத்மலோசினி தட்டில் இன்னொரு ஒப்புட்டை வைத்தார்.

இப்படியே இரண்டு மாதம் இழுத்தது. கையெழுத்தே தேவையில்லை, அளவுமுகம் விரும்பும்போது விலகலாம் என்று கடைசியில் சொன்னவர் நிறுவனத்தின் கருவியாளர் இன்பசேகர்தான். எதை வைப்பது என்று அவரிடமே கேட்டாள்.

"ஒளித்துளைப்பான் சீக்கிரம் காட்டுமுங்க. ஆனா உங்க நெறத்துக்குக் கறுப்புத் தட்டிரும், தெளிய மாசக்கணக்காகும். ஊசியலை மெதுவாத்தான் வேலை செய்யும், கறுக்கறது கம்மி. சுத்தமா மறைஞ்சு போகும்னு ரெண்டையும் நம்பாதீங்க."

ஊசியலை என்றாள். மாதம் ஒன்றாக நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மூன்று நாள் முகம் வீங்கிக் கிடந்தது. குழிகள் போகவில்லை. ஆனால் விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்கு மேலெழும்பிவிட்டன. ஐப்பசி முதல் தேதி தழும்புமானியின் முன் போய் நின்றாள்.

எண்பத்திரண்டு.

பின்னால் வந்த பத்மலோசினிக்கு நூறு.

முந்தின நாளும் அதே முகம்தான் அந்த அம்மாளுக்கு. உச்சியில் இருந்தவள் இறங்கியதும் கண்ணாடி அடுத்த முகத்தை உச்சியாக்கிக்கொண்டது. இருபதாய் இருந்தவர்களெல்லாம் ஐம்பதைத் தாண்டினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு எண் அனுப்பியிருந்தவர்கள் அலைபேசியை எடுக்கவே இல்லை.

அன்று மாலையே கூட்டம். ஒருத்தி செய்த காரியத்தால் கட்டடமே மூஞ்சி கெட்டு நிற்கிறது என்றார் பத்மலோசினி. பொது அளவுக்கு மாறிவிடலாமே என்று கேட்ட ஒருவரை உட்காரச் சொன்னார்கள். பிறகு பொருளாளர் ஒரு யோசனை சொன்னார்: மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாகத்தானே கிடக்கிறது?

வாடகை விளம்பரத்தில் வழக்கமாக இருக்கும் சைவம் மட்டும், குடும்பத்தினர் மட்டும் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரி போட்டார்கள்: முகத்தில் ஆழமான தழும்பு உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

ஒரே வாரத்தில் ஒரு படம் வந்தது. பல்லடத்துப் பெண் சுகந்தி, இருபத்து நான்கு வயது. சுவர்த் திரையில் அந்த முகத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் கைகள் உயர்ந்தன. முப்பத்தெட்டு வீடு. எல்லோரும் திரும்பிக் கார்குழலியைப் பார்த்தார்கள். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் கை பாதி உயரத்துக்கு எழும்பியது. எண்ணுகிறவருக்கு அது போதும்.

சாமான் இறங்கிய அன்று சுகந்தி எல்லோரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். "மொகத்தப் பாத்ததுமே வீடு இல்லைன்னுதான் சொல்லுவாங்கக்கா. இங்கதான் பாத்துட்டு வாங்கன்னாங்க."

மறுநாள் காலை கண்ணாடியில் கார்குழலிக்கு முப்பத்துநான்கு. பத்மலோசினிக்கு நாற்பத்திரண்டு, நாலு கூடிவிட்டதே என்று அவருக்கு மனத்தாங்கல். நிலையம் சதுரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அன்றைய செய்தியில் கார்குழலியின் கைகள் சரியாகத்தான் பேசின. முகம்தான் எங்கோ இருந்தது என்று பார்த்தவர்கள் எழுதியனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடிக் கதவை அவள் தட்டினாள். கையில் டப்பா. சூடு ஆறாத ஒப்புட்டு.

சுகந்தி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள். "அக்கா, நீங்க வெச்சீங்களாமே ஊசியலை, அத எனக்கும் வெப்பாங்களா?"

கார்குழலி அவள் கன்னத்தைப் பார்த்தாள். குழிக்குள் குழி. தெரிந்த முகம்.

"என்ன கண்ணு அவசரம்," என்றாள்.