பின்பக்கத்துக் கறுப்பு வயர்

மவுஸ் சூடாக இருந்தது.

ஆள் புழங்கி ரொம்ப நாளான அறை என்று சொல்லித்தான் அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டிருந்தார். நாற்காலியில் தூசி, ஜன்னலை மறைத்து நின்ற அலமாரி, அடைத்துக் கிடந்த காற்றின் புழுங்கல் வாடை. ஆனாலும் கம்ப்யூட்டர் மெக்கானிக் கை வைத்தபோது மவுஸ், யாரோ இப்போதுதான் பிடியை விட்டதுபோல் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. கரண்டில் கிடக்கிற பொருள், சுடத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"நல்லா ஓடிட்டிருந்த மெஷின் தம்பி. இப்ப கேம் போட்டா நொண்டியடிக்குது," என்றார் அந்த அம்மா. "பையன் வர்றதுக்குள்ள சரி பண்ணிடணும்."

"பாத்துடலாம்மா. ஆனா ஸ்கூல் விடுற நேரத்துக்கு நான் போயாகணும். நேத்தே லேட்டாப் போய், பொண்ணு வாசல்ல தனியா நின்னு அழுதுட்டா. இன்னைக்கும் அப்படிப் பண்ணா என்னை அப்பான்னே கூப்பிட மாட்டா."

அந்த அம்மா சிரித்தார். "பாவம். எப்படிக் கூப்பிடுவீங்க அவளை?"

"வீட்ல குட்டிதான்."

"குட்டி," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பின்னாடி ஒரு கறுப்பு வயர் போகும் தம்பி. அதை மட்டும் கழட்டிடாதீங்க. பையன் கண்டிப்பா சொல்லியிருக்கான்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். அலமாரி மேலிருந்த போட்டோவில் அந்தப் பையன், இருபது வயதிருக்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மெஷின் அசுரத்தனமானது. அதற்குள் திரைக்குப் படம் வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டின் விலைக்கு மெக்கானிக் ஒரு பைக்கே வாங்கிவிடுவார். அப்படிப்பட்டது கேமைப் போட்டதும் திக்கித் திணறியது. நொடிக்கு நூறு படம் காட்ட வேண்டிய இடத்தில் பத்தைத் தாண்டவில்லை. திரையில் நடந்தவன் காலைத் தூக்கினான், அப்படியே நின்றான், அடுத்துப் பார்த்தால் கால் தரையில் இருந்தது, நடுவில் நடந்ததைக் காணோம். மெக்கானிக் தூசி தட்டினார், டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுசாகப் போட்டார், ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினார், கடைசியில் கேமையும் மூடினார். திரை வெறுமையானது. ஆனால் கார்டு அடங்கவில்லை. நூறு சதவீத வேலை என்று காட்டியபடி, உள்ளிருந்த ஃபேன்கள் ஊளையிட, சூடேறிய தூசியின் கருகல் வாடையை அறை முழுக்கக் கக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வேலையும் யாருக்காக என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

டார்ச்சை அடித்துப் பின்பக்கம் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிவிட்டு, திரையின் கேபிளைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருந்த புண்ணியவான்! அப்படிச் சொருகினால் கார்டு வரைகிற படம் திரைக்கே வராது. தொழிலில் இவர் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற கூத்துதான் இது.

ஆனால் கார்டில் அதற்குப் பொருந்துகிற ஒரே துளையிலும் ஒரு கேபிள் இருந்தது. கறுப்பு. அது தரையோடு ஓடிச் சுவருக்குள் போயிருந்தது. ஓட்டையைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. சுவர் அதைக் கவ்வியிருந்தது. எங்கே போகிறதென்று பார்க்க லேசாக இழுத்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து, அதேபோல் லேசாக, யாரோ இழுத்தார்கள்.

மெக்கானிக்கின் முதுகில் வேர்வை இறங்கியது. எலி, என்றார் வாய்விட்டு. அதே நேரம் போன் அடித்தது.

"அப்பா, மிஸ் போன்லேருந்து பேசறேன். பெல் அடிச்சாச்சு. எங்க இருக்கீங்க?"

"தோ கிளம்பிட்டேன் குட்டி, அங்கேயே நில்லு."

அந்த அம்மா கழட்டாதீங்க என்று சொன்னதை யோசிக்க இனி நேரமில்லை. கறுப்பு வயரைப் பிடுங்கினார், திரையின் கேபிளைக் கார்டில் சொருகினார், எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

தரையில் கிடந்த கறுப்பு வயர் மெதுவாகச் சுவருக்குள் போனது. நுனியும் போனது. சுவர் மூடிக்கொண்டது.

திரை ஒளிர்ந்தது. கேம் இல்லை. இதே அறை. நாற்காலியில் அவருடைய முதுகு, வேர்வை நனைத்த அவருடைய சட்டை. ஒரு திக்கல் இல்லாத, தண்ணீர் மாதிரியான படம்.

அவர் கையைத் தூக்கினார். திரையில் இருந்தவர் தூக்கவில்லை.

தன் கையைப் பார்த்தார். மடியில் இருந்தது. பிறகு காற்றில் இருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

கதவைப் பார்க்கத் திரும்பினார். சுவர். இன்னொரு பக்கம். சுவர்.

திரையில் கதவு இருந்தது. அவர் சட்டை போட்டவன் எழுந்தான். டூல்ஸ் பையை எடுத்தான். போனை எடுத்தான். கதவைத் திறந்தான். வெளியே அந்த அம்மா காத்திருந்தார். அவன் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வந்துட்டியாடா."

அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான்.

"போ. அந்தப் புள்ள தனியா நிக்குது."

மெக்கானிக் சுவரை அறைந்தார். கை சுவரில். கை மடியில். சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கழித்து வந்தது.

கேமில் ஆளுக்குப் பின்னாலேயே கேமரா போகுமே, அப்படித்தான் திரை அவன் பின்னாலேயே போனது. தெரு. முனை. பள்ளி வாசல். குட்டி ஓடி வந்தாள், நீட்டிய கையைத் தொட்டாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"கை ஏம்ப்பா இவ்ளோ சூடா இருக்கு?"

குட்டி, வராதே என்று கத்தினார். 'கு' வந்தது. மீதி வரவில்லை. கேபிளுக்குத் தாவினார். கை காற்றில். கை மவுஸ் மேல். கை மவுஸ் மேல்.

"அப்பாதான் குட்டி," என்றது அவருடைய குரல்.

அவள் ஒருமுறை திரும்பி, திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவரை நேராகப் பார்த்தாள். பிறகு சூடான அந்தக் கைக்குள் தன் விரல்களை வைத்துக்கொண்டு நடந்தாள், ஒரு திக்கல்கூட இல்லாமல்.