களைப்பு வராத கால்கள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஓர் அக்காவும் தம்பியும் இருந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

தம்பி சைக்கிள் பந்தய வீரன். மறுநாள் தேர்வுப் பந்தயம். பின்னறையில் உருளைகள் மேல் சைக்கிளை ஏற்றி, நின்ற இடத்திலேயே மிதிப்பான். மார்பில் கட்டிய பட்டை அவன் இதயத்துடிப்பை அக்காவின் போனுக்கு அனுப்பும். அன்று மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓய்கிற உருளையின் இரைச்சல் ஒரு மணி நேரமாக ஓயவே இல்லை. மூச்சு வாங்கும் சத்தமும் இல்லை. சூடான ரப்பரும் வேர்வையும் கலந்த வாடை மட்டும் கதவிடுக்கு வழியே கூடிக்கொண்டே வந்தது.

கையைத் துடைத்துப் போனைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினொன்று.

அறை வாசலுக்கு ஓடினாள். “டேய், இறங்குடா. சைக்கிளுக்கே கால் வலிக்கும்.”

“களைப்பே தெரியலக்கா. கோச் கொடுத்த மாத்திரை அப்படி.”

“ஒண்ணுதானே போட்ட?”

“மூணு.” திரும்பாமலே சிரித்தான். “மூஞ்சிய அப்படி வெச்சுக்காத, பால் திரிஞ்சிடும்.”

அந்த மாத்திரை களைப்பைப் போக்காது, மறைக்கத்தான் செய்யும். இதயம் தனியாக அடி வாங்கி, சொல்லாமல் நின்றுவிடும் என்று பயிற்சி முகாமில் டாக்டர் சொன்னது அவள் காதில் ஒலித்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாடா.”

“நாளைக்கு முடியட்டும்க்கா.”

ஆம்புலன்ஸை அழைக்கப் போனை எடுத்தாள். எண் விழுந்திருந்தது. பூஜ்யம்.

பட்டையில் ஈரம் காய்ந்தால் எண்ணைக் கண்டபடிதான் காட்டும். பந்தயக்காரர் வீடுகளில் பழகிப்போன தொல்லை. அப்படியானால் அந்த இருநூற்றுப் பதினொன்றும் பொய்தான் என்று அவளுக்கு உயிர் வந்தது. ஆம்புலன்ஸை அழைக்காமல், போனோடு ஓர் ஈரத்துணியையும் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

அவன் முதுகுப் பக்கமிருந்து கைவிட்டுப் பட்டையை நனைத்தாள். பூஜ்யம்.

நன்றாக நனைத்தாள். பூஜ்யம்.

“தம்பி?”

பட்டையை விலக்கினாள். உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

ஒன்றுமில்லை.

மூச்சும் இல்லை. சுவரைப் பார்த்த கண்கள். இமைக்கவில்லை.

கால்கள் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தன. சீராக. இன்னும் கொஞ்சம் வேகமாக.

நீங்கள் தோற்றாலும் சரி, ஓடிக் களைத்து, மூச்சு வாங்க வாசலில் வந்து உட்காருங்கள். தண்ணீர் கேளுங்கள். நன்றாகத் தூங்குங்கள், என் கண்ணுகளா.