எழுத்தையும் எடுத்தாச்சா?

ஐரின் எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். அம்மா பூட்டிய கதவைக்கூட இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். "சந்தேகப் பிராணி!" என்று அம்மா டோரீன் கேலி செய்வார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஐரினுக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பிடிக்காது.

அன்று ஆஸ்டின் டவுனில் இருந்த அவர்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஹரிஷ் அண்ணா வந்திருந்தார். பழைய விண்டோஸ் 98-ஐ அழித்துவிட்டு எக்ஸ்பி போடப் போகிறார்.

"என் பாட்டுப் புத்தகம் பத்திரமா இருக்குமா தம்பி?" என்று அம்மா கவலையோடு கேட்டார். கிறிஸ்துமஸுக்குக் கோயில் பாடகர் குழு பாட வேண்டிய தமிழ்ப் பாட்டுகளை ஒரு வருடமாக உட்கார்ந்து டைப் செய்திருந்தார்.

"ஆயித்து, முடிஞ்சுது ஆன்ட்டி! எல்லா ஃபைலும் சிடிக்கு வந்தாச்சு. திறந்தும் பாத்துட்டேன். அழிச்சுடலாமா?"

"நில்லுங்கண்ணா!" என்றாள் ஐரின். "சிடியை ரயான் வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு வரேன்."

"இங்கதான் நல்லா திறக்குதே!"

"இதுல எல்லாமே ஏற்கெனவே இருக்கே அண்ணா. ஒண்ணுமே இல்லாத இடத்துல திறக்குதான்னு பாக்கணும்ல?"

"போச்சு, சந்தேகப் பிராணி கிளம்பிடுச்சு!" என்று அம்மா சிரித்தார்.

பக்கத்து வீட்டில் ரயான் சிடியைப் போட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தான். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கொக்கியும் கோடும் புள்ளியுமாக என்னென்னவோ இருந்தது.

"இதை எந்த ராகத்துல பாடுவாங்க?" என்று கேட்டான் ரயான்.

ஐரின் ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். அவள் சொன்னதைக் கேட்டதும் ஹரிஷ் அண்ணா தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ! பாட்டை எடுத்தேன், எழுத்தை விட்டுட்டேனே! தமிழ் எழுத்தைக் காட்டுற ஃபான்ட் தனி ஃபைல் ஆன்ட்டி. அது வந்த ஃப்ளாப்பி வச்சிருக்கீங்களா?"

"அது கெட்டுப்போய் எப்பவோ குப்பைக்குப் போயிடுச்சே!"

அழித்திருந்தால்? அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஹரிஷ் அண்ணா ஃபான்ட்டையும் வேறொரு சிடியில் ஏற்றினார். ஐரின் மறுபடியும் ஓடினாள். ரயான் முதலில் ஃபான்ட்டைப் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தான். தமிழ் பளிச்சென்று தெரிந்தது!

திரும்பி வந்தவளிடம் ஹரிஷ் அண்ணா எழுந்து நின்று கேட்டார்: "இப்ப அழிக்கலாமா, மேடம்?"

"ம்... அழிக்கலாம்," என்றாள் ஐரின்.

கிறிஸ்துமஸ் அன்று பாடகர் குழுவில் எல்லோர் கையிலும் புதுப் பாட்டுப் புத்தகம் இருந்தது. "இந்தப் புத்தகம் இருக்குன்னா, அது எங்க வீட்டு சந்தேகப் பிராணியாலதான்!" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார்.

ஐரினுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெயர்கூட அன்று நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு புத்தகத்தை வாங்கி, எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.