மேடாத் தீவுக்கு ஒரே சீட்டு

ரயில் ஏறுமுன் எல்லோரும் வழக்கம்போல் தங்கள் எடையைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். சனிக் கோளின் நிலவான டைட்டனின் ஈர்ப்பு, பூமியில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான். சும்மா நடந்தாலே தலை கூரையில் இடிக்கும் என்பதால் ஊருக்குள் ஈயம் வார்த்த எடைக்காலணியோடுதான் எல்லோருக்கும் நடமாட்டம். ரயிலில் அது தேவையில்லை. இருக்கையே இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்.

சோணைமுத்து மட்டும் கழற்றவில்லை.

"கழட்டி வச்சா, எறங்குறப்ப எவன் செருப்பையாவது எந்தலையில கட்டுவீக" என்றார்.

"ஒவ்வொரு காலணியிலும் உரியவரின் அடையாளம் பதிந்துள்ளது. மாறாது" என்றது வாசலில் நின்ற நடத்துப்பொறி.

"அதைத்தான் எல்லாத் திருடனும் சொல்வான்" என்று சொல்லிவிட்டுத் தொம் தொம்மென்று உள்ளே போய் உட்கார்ந்தார்.

பனிச்சுரங்கத்தில் மேற்பார்வை பார்க்கிறவர் சோணைமுத்து. டைட்டனில் பனிதான் பாறை. அதில் எந்த இடத்தில் விரிசல் ஒளிந்திருக்கிறது என்று சதா சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பதுதான் அவருடைய வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர் வீட்டுக்கு வந்த பிறகும் அதை நிறுத்துவதில்லை. சமையற்பொறி உப்பைக் குறைத்துவிட்டதா என்று பார்க்கத் தனியாக ஒரு கருவி வாங்கினார். பிறகு அந்தக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தார்.

இப்போது அவருடைய சந்தேகமெல்லாம் வலது கட்டைவிரல் மேல் இருந்தது. நகத்துக்கு அடியில் ஒரு பச்சைக் கோடு மினுங்கியது. அதுதான் பயணச்சீட்டு. முன்பெல்லாம் ரயிலுக்குச் சிவப்புக் கோடு, கடலுக்கு நீலக் கோடு என்று இரண்டு தனித்தனியாக வரும். சில வாரங்களுக்கு முன்புதான் இரண்டையும் சேர்த்து இணைப்புச்சீட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். புதுத்தொண்டித் துறைவரை ரயில், அங்கிருந்து மீத்தேன் கடலைக் கடந்து மேடாத் தீவுவரை தோணி, எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கோடு.

நீலத்தைக் காணோமே என்பதுதான் அவர் கவலை.

சீட்டை அனுப்பியவர் யார் என்று தெரிந்தால் அந்தக் கவலை புரியும். அனுப்பியவர் தங்கை இருளாயியின் கணவர் நாகநாதன். அவர்கள் கல்யாணத்தில் பெண்ணின் அண்ணனான சோணைமுத்துவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கையை உதறி எழுந்தவர்தான், தங்கை வீட்டு வாசலை இன்றுவரை மிதிக்கவில்லை. இப்போது தங்கை மகள் செவ்வந்திக்குக் காதுகுத்து. பூமியை விட்டு எத்தனை கோடி மைல் தள்ளி வந்தாலும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் வாடகைக்கு மடிப்பொறி கிடைக்கும். கதகதப்பாக இருக்கும், தாலாட்டும் பாடும். ஆனால் அதை வரவழைத்த வீட்டுப் பெண் பிறகு ஊரில் தலை காட்ட முடியாது.

"நீ வந்துருண்ணே. என் பிள்ளைய மிசினு மடியில உக்கார வச்சிராத" என்று இருளாயி அழுதாள். அந்த அழுகையில்தான் அவர் கரைந்து கிளம்பினார். ஆனால் சீட்டு நாகநாதனிடமிருந்து வந்ததும் கரைந்ததெல்லாம் மறுபடி உறைந்துவிட்டது. அழைக்கிறேன் என்று பேருக்கு அழைத்துவிட்டு, செல்லாத சீட்டைக் கொடுத்துத் துறையிலேயே நிற்க வைத்து, 'பார்த்தாயா உன் அண்ணன் லட்சணத்தை' என்று தங்கையிடம் சொல்லத் திட்டமோ?

நடத்துப்பொறி பக்கத்தில் வந்ததும் விரலை நீட்டினார்.

"இது தோணிக்கும் செல்லுமா?"

"செல்லும்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நீலத்தைக் காணோம்."

"இணைப்புச்சீட்டில் நீலம் இராது. செல்லும்."

"நெசமாவா?"

"செல்லும்."

சோணைமுத்து அடுத்த இருக்கையில் இருந்த பெண்ணிடம் குனிந்தார். "கேட்டியாம்மா? மூணு தடவையும் ஒரே மாதிரி சொல்றான். சொல்லிக் குடுத்து வச்சிருக்காக."

அந்தப் பெண் ராக்கம்மா. பேரனைப் பார்க்க மேடாவுக்குப் போகிறவள். அதுவரை ஜன்னல் வழியே ஆரஞ்சு வானத்தைப் பார்த்து நிம்மதியாக வந்துகொண்டிருந்தாள். இப்போது அவளும் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"எனக்கும் பச்சைதான இருக்கு? நீலம் வேணுமா என்ன?"

"அதத்தான் கேக்குறேன். கடலுக்கு நீலம்தான முறை?"

முன் இருக்கையில் சீனி ராவுத்தர் என்ற ஜவுளி வியாபாரி. அவரையும் தோளில் தட்டிக் கேட்டார். "பாய், நீங்க அடிக்கடி போய்வர்ற ஆளு. இது தோணிக்குச் செல்லும்கிறீகளா?"

"செல்லும்னுதான் நெனச்சேன்" என்றார் ராவுத்தர். "ஏன், செல்லாதுன்னு யாரும் சொன்னாகளா?"

"யாரும் சொல்லல. சொல்ல மாட்டாக. அங்க போய்த்தான் தெரியும்."

அதோடு விட்டாரா? பெட்டி முழுக்க ஒரு சுற்று வந்தார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார், யாரிடமும் பதிலுக்கு நிற்கவில்லை. அவர் திரும்பி வந்து உட்காருவதற்குள் அவருடைய கேள்வி அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டது. பின் இருக்கையில் யாரோ யாரிடமோ, "பச்சைச் சீட்டு ரயிலோட முடிஞ்சுதாம்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் சோணைமுத்துவின் சந்தேகம் உறுதியாயிற்று. ஊரே சொல்கிறதே!

புதுத்தொண்டியில் ரயிலிலிருந்து தோணித்துறைக்கு நீளமான, காற்று அடைத்த குழாய்வழி. கண்ணாடிக்கு வெளியே மீத்தேன் கடல் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. தோணி காத்திருந்தது. இதை விட்டால் அடுத்தது நாளை மறுநாள்தான். காதுகுத்துக்கு முகூர்த்தம், மதுரை நேரப்படி, நாளைக் காலை.

குழாயின் முடிவில் வாயிற்பொறி. கதவோடு கதவாக ஒரு கண், ஒரு குரல், அவ்வளவுதான். முதல் ஆளாகச் சீனி ராவுத்தர் விரலை நீட்டினார். பொறி அவர் விரலைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற ராக்கம்மாவைப் பார்த்தது.

"உங்களுக்கு முன்னால் நிற்பவரின் சீட்டு தோணிக்குச் செல்லுமா?"

"என்னயக் கேட்டா? எனக்கென்னய்யா தெரியும்?" ராக்கம்மா வெலவெலத்துப் போனாள். "ரயிலோட முடிஞ்சு போச்சுன்னு பேசிக்கிறாக."

சிவப்பு விளக்கு எரிந்தது. ராவுத்தர் விலக்கப்பட்டார். ராக்கம்மாவின் சீட்டைப் பற்றி அவளுக்குப் பின்னால் நின்ற இளைஞனைக் கேட்டது. "டவுட்டுத்தான்" என்றான் அவன். மறுபடி சிவப்பு. அடுத்தவரும் உதட்டைப் பிதுக்கியதும், "இந்த ரயிலில் வந்த பச்சைச் சீட்டுகள் அனைத்தும் நிறுத்தி வைக்கப்படுகின்றன" என்றது பொறி.

குழாய்க்குள் ஒரே கூச்சல். "பாத்தீகளா, நான் சொன்னேன்ல!" என்று சோணைமுத்துவின் குரல்தான் எல்லோரையும்விட ஓங்கிக் கேட்டது. பிறகுதான் தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பது உறைத்தது.

"யோவ் மிசினு, சீட்டு செல்லுமான்னு உனக்குத் தெரியாதா? எங்களப் போயி கேக்குற?"

வாயிற்பொறி பொறுமையாக விளக்கியது. "ரயில் நிறுவனத்தின் முத்திரையைத் தோணி நிறுவனம் நம்புவதில்லை. தோணி நிறுவனத்தின் முத்திரையை ரயில் நிறுவனம் நம்புவதில்லை. இருவரும் ஏற்கும் ஒரு சான்று வேண்டியிருந்தது. என்னை வடிவமைத்தவர்கள் பூமியில் உங்கள் முன்னோரின் பேருந்து நிலையங்களை ஆராய்ந்தார்கள். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. நடத்துநர் படியில் நின்று அதையே கூவினார். ஆயினும் பயணிகள் பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்கள். அவருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் சொல்லை நம்பித்தான் ஏறினார்கள். பெரும்பாலும் சரியான ஊருக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே அதையே விதியாக்கினார்கள். தோணி கட்டவிழ்க்குமுன் இன்னொரு முறை கேட்பேன்."

எல்லோரும் திரும்பிச் சோணைமுத்துவைப் பார்த்தார்கள். "ஏய்யா, நிம்மதியா வந்துக்கிட்டிருந்த எங்களக் கொழப்பி விட்டது நீதான?" என்று ராக்கம்மா பிடித்துக்கொண்டாள்.

சோணைமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. கண் முன்னால் மடிப்பொறியின் மடியில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலை குனிந்து இருளாயி. வாழ்க்கையில் முதல் தடவையாக, விசாரிக்காமல் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது.

காதிலிருந்த செவிமணியைத் தொட்டு, யாருடனோ பேசுவதுபோல் உதட்டை அசைத்தார். பிறகு கையை உயர்த்தினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இப்பத்தான் எந்தங்கச்சி வீட்டுக்காரருகிட்டப் பேசுனேன். நாகநாதன்னு பேரு. மேடாத் துறையிலதான் பெரிய வேலை. சீட்டு செல்லும்னுட்டாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன்."

நாகநாதனுக்குத் துறையில் வேலை இல்லை. அவர் பாசிப்பண்ணை வைத்திருப்பவர். சோணைமுத்து அவரோடு கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர்கூட அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. "அதான, செல்லாமப் போகுமா?" என்றார் ராவுத்தர். "தொறைக்காரரே சொல்லிட்டாரு" என்றான் இளைஞன். நடத்துப்பொறி சொன்ன உண்மை எடுபடாத இடத்தில் சோணைமுத்துவின் பொய் ஒரே மூச்சில் எடுபட்டது.

மறுபடி வரிசை நின்றது. சோணைமுத்து ஒவ்வொருவராகத் தமக்கு முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் போய் நின்றார். மரியாதைக்காக ஒன்றும் இல்லை. இவர்கள் முதலில் போகட்டும், கதவு உண்மையிலேயே திறக்கிறதா பார்ப்போம் என்றுதான்.

"முன்னால் நிற்பவரின் சீட்டு செல்லுமா?"

"செல்லும்." பச்சை விளக்கு. ராவுத்தர் உள்ளே போனார்.

"செல்லும்." "செல்லும்." "பேஷாச் செல்லும்." ஒவ்வொருவராகத் தோணிக்குள் இறங்கினார்கள். கடைசியில் ராக்கம்மாவின் முறை. பொறி சோணைமுத்துவைக் கேட்டது. அடுத்தவர் சீட்டுத்தானே? "செல்லும்!" என்றார் கம்பீரமாக. அவள் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

இப்போது குழாயில் அவர் ஒருவர்தான்.

"உங்களுக்குப் பின்னால் எவரும் இல்லை" என்றது வாயிற்பொறி. "ஆகவே உங்களையே கேட்கிறேன். உங்கள் சீட்டு செல்லுமா?"

சொல்ல வேண்டியது ஒரே சொல். அதை இப்போதுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். அவர் வாயைத் திறந்தார். விரலைப் பார்த்தார். பச்சைக் கோடு. நாகநாதன் அனுப்பிய கோடு. நீலத்தைக் காணோம்.

"நீ என்ன சொல்ற?" என்றார். "செல்லுமா?"

சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே தோணி கட்டவிழ்ந்து, சத்தமே இல்லாமல் ஆரஞ்சு மங்கலுக்குள் போயிற்று.

செவிமணியில் இருளாயி வந்தாள். "அண்ணே, ஏறிட்டியா?"

"இல்லம்மா." அவர் குரல் உடைந்துதான் இருந்தது. ஆனால் அந்த உடைசலுக்குள் ஏதோ ஒரு நிறைவும் இருந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. "ஒம் வீட்டுக்காரரு குடுத்த சீட்டு செல்லல. எனக்கு அப்பவே தெரியும்."

அந்தப் பக்கம் இருளாயியின் விசும்பல் கேட்டது. "ஒன்னயக் கையோட கூட்டியாரணும்னு அவரு நேத்துலேருந்து இங்க மேடாத் தொறையிலயே வந்து நிக்கிறாருண்ணே. சோறுகூடத் திங்கல."

சோணைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் ஒரு கணம்தான்.

"அங்க வந்து எதுக்கு நிக்கிறாராம்?" என்றார்.