மூன்றாவது அட்டை

மனித குலம் கைவேலையைப் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டிய செய்தி இது: பல்கலைக்கழக நூலகத்தில் மாண்புமிகு துணைவேந்தரின் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் காணவில்லை.

தொலைத்தது தான்தான் என்று மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லையேல் வேலை போகும் என்று பட்டியல் பிரிவு அக்காவுக்கு உத்தரவு வந்தது. அக்கா நேரே ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளரிடம் போனார். அவருக்குப் பட்டப்பெயர் 'நிதானம்'. அவரோடு ஒட்டிக்கொண்டு திரியும் புத்தகம் தைப்பவருக்கு 'அவசரம்'.

"ஆய்வேட்டு அறைப் பூட்டு உடையலை சார். சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு துணைவேந்தர்கிட்ட. செய்யாத தப்புக்கு ஒரு வரி எழுத மாட்டேன்."

"அப்போ அக்காதான் எடுத்தது!" என்றார் அவசரம். அக்கா முறைத்தார். "சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க்கா."

ஆய்வேட்டு அறையில் நிதானம் அலமாரித் தட்டை உற்றுப் பார்த்தார். தூசி படியாத இடம் இரண்டு புத்தக அகலம் இருந்தது.

"காணாமப்போனது ஒண்ணுதானே? சரி, ஒரு புத்தகத்துக்கு எத்தனை பட்டியல் அட்டைம்மா எழுதுவீங்க?"

"மூணு. எழுதினவர் பேர்ல, தலைப்புல, பொருள்வாரியா. தேடி வர்றவங்க எந்த வழியா வந்தாலும் புத்தகம் சிக்கணும்ல?"

பெயர், தலைப்பு அட்டைகள் இருந்த இரண்டு இழுப்பறைகளிலும் துணைவேந்தரின் அட்டைகள் இல்லை. பொருள் இழுப்பறையில் இருந்தது. அதற்கு முன்னால், பத்தாண்டு முன்பே வேறொருவர் எழுதிய ஆய்வேட்டின் அட்டை. துணைவேந்தரின் அட்டையில் அக்காவின் கையெழுத்து: 'வரிக்கு வரி முந்தைய ஆய்வேடேதான். இரண்டையும் சேர்த்து வைக்கவும்.'

"போன மாசம் சரிபார்க்கிறப்போ கண்ணுல பட்டுது," என்றார் அக்கா. "ஒரே சரக்கைப் பக்கத்துல வைக்கிறதுதானே சார் என் வேலை?"

துணைவேந்தர் அறையில் எல்லோரும் கூடினார்கள். நிதானம் குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு புத்தகம் போயிருக்கு. புகார் ஒண்ணுக்குத்தான். இவங்க எடுத்திருந்தா மூணு அட்டையையும் உருவியிருப்பாங்க. மூணாவது இருக்குன்னே தெரியாத ஆள்கிட்டதான் அந்த இன்னொரு சாவி இருக்கு."

"அந்த அட்டைகளைக் கிழிச்சுப் போடுங்க!" என்று துணைவேந்தர் கத்தினார்.

"தாராளமா கிழிங்க சார். மத்தியானத்துக்குள்ள ரெண்டு புத்தகத்துக்கும் ஆறு அட்டையையும் புதுசா எழுதி வச்சுடுவேன்." அக்கா மன்னிப்புக் கடிதத்துக்கான தாளை வெறுமையாகவே மேசைமேல் வைத்தார்.

வெளியே வந்ததும் அவசரத்துக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு படிச்ச மனுஷனுக்கு மூணாவது அட்டை எப்படிங்க தெரியாமப் போச்சு? அப்படி எதுலதான் பட்டம் வாங்கினாரு?"

நிதானம் அட்டையை நீட்டினார்.

ஆய்வேட்டின் தலைப்பு: 'நூலக அட்டைப் பட்டியலைப் பயன்படுத்தும் முறைகள்'.