புதிர்த் தோட்டத்தின் கடைசி ஆள்

"இடது பக்கம் திரும்புங்க" என்று அவள் சொன்னது சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவருக்குத்தான். ஆனால் திரும்பியவர்கள் இருவர்.

சிவப்புத் தொப்பி அவள் கண்ணெதிரே, பச்சைச் சுவர்களின் இடுக்கில், சமர்த்தாகத் திரும்பியது. அதே நொடியில், ஆள் யாருமில்லை என்று அவள் உறுதியாக நம்பியிருந்த மேற்கு மூலைச் சந்தில், செடியின் நுனிகள் ஒரே கோடாக நடுங்கின. நேராக வந்த அந்த நடுக்கம் முனையில் சற்றே தயங்கியது. பிறகு இடது பக்கம் திரும்பியது. காற்று அப்படித் திரும்பாது. காற்றுக்கு யாரும் வழி சொல்வதில்லை.

மாநகரத்துக்கு வருவோர் கட்டாயம் காண வேண்டிய இடம் என்று விளம்பரப் பலகைகள் முழங்கும் பெரிய பூங்கா அது. ரோஜாத் தோட்டம் உண்டு, கண்ணாடி மாளிகை உண்டு, படகுக் குளம் உண்டு, பிள்ளைகள் ஏறும் பொம்மை ரயில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுயரத்தையும் விஞ்சி வளர்ந்த செடிச் சுவர்களால் ஆன புதிர்த் தோட்டம் உண்டு. வழி தெரிந்து வாழ்வதற்கே வாழ்நாள் முழுதும் திண்டாடும் மக்கள், வழி தவறுவதற்கென்றே வரிசையில் நின்று உள்ளே போவார்கள். அதன் நடுவே மரத்தாலான ஓர் உயர்ந்த மேடை. மேடைமீது ஒலிபெருக்கியோடு நிற்பவள் அவள். 'வழிசொல்லி' என்பது பூங்காவில் அவளுக்கு வழங்கிய பெயர். உள்ளே அகப்பட்டுத் திகைப்பவர்களைத் தொப்பியின் நிறத்தாலும் துப்பட்டாவின் நிறத்தாலும் அடையாளம் கண்டு, ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லி வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் பணி.

அந்தப் பணிக்கு ஒரே ஒரு விதி. ஒருவருக்கு வழி சொல்லும்போது மற்றவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு முகம் பார்த்துப் பேசத் தெரியாது. அது சொல்லும் இடது எல்லோருக்கும் இடதுதான்.

"வந்துட்டீங்க சார். இன்னும் ஒரே திருப்பம், வலது பக்கம்."

தொப்பிக்காரர் வாசலில் வெளிப்பட்டார். அங்கே காத்திருந்த அவர் மனைவியின் குரலை வாசல் பக்கமிருந்து வீசிய காற்று அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தது.

"வீட்டுலயும் இப்படித்தாம்மா. மைக் வெச்சுச் சொன்னாத்தான் இவருக்குத் திரும்பத் தெரியும்."

வாசலில் சீட்டுக் கிழிக்கும் அவளுடைய தங்கை வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. வழிசொல்லியும் சிரித்திருப்பாள். ஆனால் அவள் கண்கள் மேற்கு மூலையை விட்டு அகலவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. கம்பத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவள் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"மேற்கு மூலையில இருக்கறவங்க, பயப்படாதீங்க. கையை மேல தூக்குங்க, நான் பார்த்துக்கறேன்."

ஒரு கை எழுந்தது.

எவ்வளவு நெட்டையான மனிதர் கை தூக்கினாலும் விரல் நுனிகள் மட்டுமே வெளியே தெரியும் உயரம் அந்தச் சுவருக்கு. இந்தக் கை முழங்கைவரை தெரிந்தது. யாரோ குழந்தையைத் தோள்மேல் ஏற்றி வைத்துக் கை தூக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் அறிவு உடனே ஒரு விடை தந்தது. குழந்தையின் கை அத்தனை நீளமாக இருக்குமா என்று அவள் கண் கேட்டது. அறிவின் பக்கமே அவள் நின்றாள்.

"சரிங்க, இறக்கிக்கலாம்."

கை இறங்கவில்லை.

அந்த மூலையைப் பற்றி ஊழியர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. சில வாரங்களுக்கு முன், ஒரு மூடுபனிக் காலையில், செடி கத்தரிப்பவர் தம் ஏணியோடும் கத்தரியோடும் அந்த மூலைக்குத்தான் போனார். ஏணி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. பூங்கா அன்றைக்கும் வழக்கமான நேரத்தில் திறந்தது. "வேலை பிடிக்கலை, சொல்லாம நின்னுட்டான்" என்று மேலாளர் முடித்துவிட்டார். "உள்ளே போனவர் வெளியே வந்ததை யார் பார்த்தாங்க?" என்று அவர் அறைக்கே போய்க் கேட்டவள் வழிசொல்லி ஒருத்திதான். அதற்கு அவருடைய பதில்: "நீ வழி சொல்றதுக்கு வந்தியா, வழக்குப் பேச வந்தியா?" ஒலிபெருக்கி பார்வையாளருக்கு மட்டுமே, ஊழியர் யாருக்கும் அதில் வழி சொல்லக் கூடாது என்பது நிர்வாகத்தின் கட்டளை. அடடா, என்ன நீதி! பொழுதுபோக்க வந்து வழி தவறியவனுக்கு ஆயிரம் முறை அழைப்பு. பிழைக்க வந்து வழி தவறியவனுக்கு ஒரு முறைகூட இல்லை.

அதன் பிறகு அந்த மூலைக்குப் போக எல்லோரும் அஞ்சினார்கள். அங்கே செடி முரட்டுத்தனமாக வளர்ந்து கிடந்தது. அவள் மட்டும் அஞ்சவில்லை. பேய் என்ற சொல்லை அவள் அகராதியிலேயே வைத்துக்கொண்டதில்லை. "காணாமப் போனவரைத் தேட மாட்டீங்க, பயப்பட மட்டும் செய்வீங்க" என்று எல்லோரையும் வாய்க்கு வந்தபடி ஏசியவள் அவள்.

தங்கை வாசலிலிருந்து கூவினாள். "யாருக்கா அது? எல்லாரும் போயாச்சே!"

"குழந்தையோட யாரோ மாட்டிக்கிட்டாங்க போல. மிரண்டுட்டாங்க, அசைய மாட்டேங்கறாங்க. நீ உள்ளே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடு."

"காலையிலேர்ந்து நின்னு நின்னு என் கால் கட்டையாப் போச்சு. அடுத்த பிறவியில நான் மேடையில நிக்கறேன், நீ சீட்டுக் கிழி. சரி, சொல்லு."

நிர்வாகத்தின் கட்டளை எதுவானாலும், மிரண்டவர்களை அழைத்துவர வாசல்காரி உள்ளே போவதும், மேடையிலிருப்பவள் அவளுக்குத் திருப்பம் சொல்வதும் அங்கே அன்றாட வழக்கம். தங்கையின் மஞ்சள் துப்பட்டா வாசலைத் தாண்டிப் பச்சைக்குள் நுழைந்தது.

"நேரா வா. இப்ப வலது. கொஞ்சம் நட. மறுபடி வலது."

மஞ்சள் நிறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு அவள் சொல்லிவந்தாள். சுவர்களுக்கிடையே இருள் தண்ணீரைப் போலத் தேங்கத் தொடங்கியிருந்தது. ஈரமண் வாடையை விலக்கிக்கொண்டு வேறொரு வாடை எழுந்தது: சற்று முன் நறுக்கிய இலையின், பச்சையான, காரமான, மூக்கை அறுக்கும் வாடை. அந்தத் தோட்டத்தில் வாரக்கணக்காக யாரும் இலை நறுக்கவில்லை. அவள் மேற்கு மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

கை அங்கே இல்லை.

அதே கைதான். அதே போல் முழங்கைவரை, அதே போல் விரல்கள் விரிந்து. ஆனால் இரண்டு சந்து தள்ளி, தங்கை இருந்த பக்கமாக வந்திருந்தது.

"நில்லு" என்றாள்.

மஞ்சள் நின்றது. கையும் நின்றது.

"நேரா… ஒரு அடி மட்டும்."

மஞ்சள் ஓர் அடி நகர்ந்தது. செடி நுனிகளின்மேல், நீரில் மிதப்பதுபோல், கை நகர்ந்தது. நடப்பவரின் கை சற்றேனும் ஏறி இறங்கும். இது ஏறவில்லை, இறங்கவில்லை.

தங்கையின் சந்துக்கும் அந்தக் கையின் சந்துக்கும் நடுவே இப்போது இருந்தது ஒரே ஒரு செடிச் சுவர். தங்கை வெளியேற வேண்டுமானால் இடதில் திரும்ப வேண்டும். அதுவும் இடதில் திரும்பினால் அந்தச் சுவரின் முனையில் இருவரும் முகத்துக்கு முகம் நிற்பார்கள். வழி சொன்னால் ஆபத்து. சொல்லாவிட்டால் இருட்டு.

"நீங்க யாரா இருந்தாலும் சரி" என்றாள், குரலைக் கெட்டிப்படுத்திக்கொண்டு. "திரும்பிப் போங்க. மேற்கு மூலைக்கே போங்க."

ஓர் இலைகூட அசையவில்லை. மூன்று முறை சொன்னாள். போகச் சொன்னால் அது கேட்காது என்பது அவளுக்கு விளங்கியது. அது அவளுக்குக் கீழ்ப்படியவில்லை. அவளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

"என்னக்கா, யாரைத் திட்டறே?" தங்கையின் குரலில் சிரிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. "இங்க புதுசா இலை வெட்டின வாசனை வருது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடறாங்க. என்னங்க, குழந்தை உங்ககூடத்தான் இருக்கா?"



சின்ன வயதில் இருவருக்கும் ஒரே கட்டில். அக்கா படுத்தது சுவர் ஓரம். தங்கை படுத்தது ஜன்னல் ஓரம். மல்லாந்து கிடந்தால் இடது கைப் பக்கம் ஜன்னல், வலது கைப் பக்கம் சுவர். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத திசைகள் அவை.

"கண்ணு, நான் சொல்றதைக் கேள்வி கேட்காம செய். நம்ம கட்டில்ல படுத்திருக்கேன்னு நினைச்சுக்கோ. ஜன்னல் பக்கம் திரும்பு."

மஞ்சள் தயங்கியது. திரும்பியது.

கை நின்ற இடத்திலேயே நின்றது.

"ஜன்னல். இன்னும் ஜன்னல். இப்ப சுவர்."

விரிந்திருந்த விரல்கள் மெல்ல மெல்ல மடங்கின, மறுபடி விரிந்தன, காதைப் போல, கூர்ந்து கேட்பதைப் போல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. மஞ்சள் துப்பட்டா கடைசிச் சந்தைக் கடந்தது. வாசல் விளக்கின் கீழே தங்கை முழு உருவமாக வெளிப்பட்டாள். வழிசொல்லி மேடையின் மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தப்பித்தாள். என் தங்கச்சி தப்பித்தாள்.

அப்போது விளக்குகள் அணைந்தன.

அதில் மர்மம் எதுவுமில்லை. பூங்கா மூடும் நேரம் கடந்ததும் அலுவலகத்தில் மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிடுவார்கள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதே மின்சாரத்தில் ஓடிய ஒலிபெருக்கி கையில் வெறும் தகரமாய்க் கனத்தது. வானத்தில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் செடிச் சுவர்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கருமையாயின.

கையைக் காணவில்லை.

அவள் இறங்கி நடந்தால் வாசலை அடைந்துவிடலாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்கு அந்த வழி தெரியும். ஆனால் அந்தச் சந்துகளில் இப்போது அவள் மட்டும் இல்லை. அது வழி சொல்லக் கேட்டால்தான் நகரும். பேசாமல் இருந்தால் அசையாது. ஆகவே வாயைத் திறக்காமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, விடியும்வரை மேடைமீதே நிற்பது என்று அவள் முடிவு செய்தாள்.

காற்று வாசலிலிருந்து வீசியது.

"அக்கா! கரண்ட் போச்சு, பயப்படாதே! இவ்வளவு நாள் நீ எல்லாருக்கும் வழி சொன்னே, இன்னிக்கு நான் உனக்குச் சொல்றேன். நேரா வா!"

கீழே, இருளில், இலைகள் உரசின.

"சொல்லாதே!" என்று கத்தினாள். "வாயை மூடு! பேசாதே!"

எதிர்க்காற்று அவள் சொற்களைப் பிய்த்து அவள் முகத்திலேயே எறிந்தது.

"என்னது? காதுல விழலைக்கா! நேரா வந்து வலது பக்கம் திரும்பு!"

உரசல் நேராக வந்தது. வலது பக்கம் திரும்பியது. மேடையின் காலடியில் வந்து நின்றது.

இலை வாடை. தொண்டையை அடைக்கும் இலை வாடை.

"இனிமே திருப்பமே இல்லை. நேரா வா, அக்கா!"

முதல் படி கிறீச்சிட்டது.

"நில்லு" என்றாள் வழிசொல்லி.

நின்றது.

"நேரா வா!"

இரண்டாம் படி.

"நில்லு. நில்லு. நில்லு."

நின்றது. அவள் பேசிக்கொண்டிருக்கும்வரை நின்றது. ஓடிப்போ என்று தங்கையை விரட்டலாம். அந்தச் சொல் தங்கையை எட்டாது. இங்கே எட்டும். எட்டினால், 'ஓடு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு இது ஓடி வரும். அவளிடம் ஒரு சொல்தான் மிச்சம்.

"நில்லு. நில்லு. நில்லு. நில்லு."

நாக்கு ஒட்டிக்கொண்டது. மூச்சு தீர்ந்தது. ஒரு வாய்க் காற்று இழுத்தாள்.

"வந்துட்டேதானே அக்கா? வா, வா."

படி. படி.

"நில்லு!"

மேடையின் விளிம்புக்கு மேலே முழங்கைவரை எழுந்து நின்றது அந்தக் கை. தோலில்லை என்று சொல்ல முடியாது. தோல்தான் என்றும் சொல்ல முடியாது. விரல் இடுக்குகளில் இளந்தளிர் விட்டிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி வேர். அதற்குக் கீழே, கடைசிப் படியில், ஏதோ ஒன்று தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் காத்திருந்தது.

வாசலில் தங்கையின் குரல் கரகரத்தது. அழுகை முட்டியது. அன்பால் அது இன்னும் உரத்தது.

"ஏன்க்கா, எங்கேயாவது நின்னுட்டியா? இன்னும் ஒரே அடிதான். நேரா வா."

"நில்லு" என்றாள் அவள். "நில்லு. நில்லு. நில்…"

மூச்சு முடிந்தது.