பாட்டுக் கேட்க நின்ற லிஃப்ட்

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குப் பாட்டு என்றால் உயிர். நல்ல பாட்டு காதில் விழுந்தால் போதும், போகிற வழியில் மூன்றாம் மாடியில் நின்றுவிடும். பாட்டு முடிந்த பிறகுதான் நகரும்.

சிரிக்காதீர்கள். நான் ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டியவன். நான் ஏறிய மாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். லிஃப்டைப் பற்றி நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கட்டடத்தில் எல்லோரும் என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினார்கள். ஆறாம் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மட்டும் நம்பவில்லை.

"லிஃப்டுக்கு ஏதுங்க காது?" என்றார், வாயிலிருந்த புதினா மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளியபடி.

"உங்களுக்கு ரெண்டு காது இருக்கு. என்ன பிரயோஜனம்?" என்றேன்.

எங்கள் லிஃப்ட் பழைய காலத்துப் பெட்டி. உள்ளே ஒரு கம்பிக் கதவு உண்டு. அதை இழுத்து முழுதாகச் சாத்தினால்தான் நகரும். நூல் அளவு சந்து இருந்தாலும் அசையாது. அவ்வளவு ரோஷம்.

பிரச்சினை கிட்டார் அக்கா குடிவந்த பிறகுதான் தொடங்கியது. மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிர் வீடு. தானே பாட்டு எழுதுவாள், தானே மெட்டுப் போடுவாள், தானே கிட்டார் வாசித்துப் பாடுவாள். மைக் கிடையாது, மேளம் கிடையாது. தினமும் சாயங்காலம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பழகுவாள்.

அவள் உட்கார்ந்து கிட்டாரைத் தொட்டதும் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிடும். கீழே இருப்பவர்கள் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். பழுது பார்க்கிறவர் வந்து பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, "மிஷின்ல ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செயலாளர் முடிவே கட்டிவிட்டார். "அந்தப் பொண்ணுதான் வெளியே வந்து கதவைத் திறந்து விடுறா. தன் பாட்டுக்கு ஆள் சேர்க்கிற தந்திரம் இது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுறேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடலாம்."

இந்தச் செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது சந்தேகத்திடம்.

சந்தேகம் என்பது ஐந்தாம் மாடிச் சிறுமியின் பட்டப்பெயர். பத்து வயது. பால் வந்தால், "இது நேத்துப் பாலா?" என்பாள். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால், "எதுக்குச் சொல்றீங்க?" என்பாள். ஒரு முறை கண்ணாடியில் தன்னைத்தானே முறைத்துப் பார்த்தபோது, கண்ணாடிதான் முதலில் கண்ணை மூடியது என்று கேள்வி.

அவளுக்கு லிஃப்டின் மேல் சொந்தக் கோபமும் இருந்தது. அவளுடைய அத்தைக்குக் காலில் மாவுக்கட்டு. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏற முடியுமா? லிஃப்ட் வரும்வரை என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டடத்தில் உள்ள எல்லோரையும் திட்டுவாள். விடுபட்டவர்களை மறுநாள் திட்டுவாள்.

"தாத்தா, எனக்கு ஒரு சந்தேகம்" என்று வந்து நின்றாள் சந்தேகம்.

"அதிசயமா இருக்கே" என்றேன்.

"கிட்டார் அக்காவோட ரெண்டு கையும் கிட்டார்ல இருக்கு. பாட்டு நிக்காம கேக்குது. அப்புறம் எந்தக் கையால லிஃப்ட் கதவைத் திறப்பாங்க?"

நான் யோசித்தேன். மூன்றாவது கை இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"அப்போ வேற யாரோ நிறுத்துறாங்க" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வீடு தரைத்தளத்துல இருக்கு. ஆனா தினமும் சாயங்காலம் லிஃப்ட்ல போறீங்க. எதுக்கு?"

"பழக்கம்மா. ஏறி இறங்கலைன்னா எனக்குச் சாப்பாடு செரிக்காது."

"சரி. உங்களை அப்புறம் பார்த்துக்கிறேன்" என்று போனாள்.

அடுத்த சில நாட்கள் அவள் எல்லோரையும் வேவு பார்த்தாள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் வாசலில் குனிந்து தேடினாள். பட்டாணித் தோல் கிடந்தது. நாலாம் மாடிச் சமையல்காரம்மா எங்கே போனாலும் பட்டாணி உரித்துக்கொண்டே போவார். எங்கள் கட்டடத்துத் தையல்காரர் துணியில் கோடு போடும் நீலச் சுண்ணக்கட்டி கிடந்தது. பச்சை நிற மிட்டாய்க் காகிதம் ஒன்று. கம்பிக் கதவின் ஓரத்தில் வட்டமாக ஒரு ரப்பர் அச்சு.

அந்த வட்டத்தைப் பார்த்து அவள் வெகுநேரம் நின்றாள். வீட்டுக்குப் போய் அத்தையின் ஊன்றுகோலைத் திருப்பி அடியில் இருந்த வட்ட ரப்பரைப் பார்த்தாள்.

"என்னடி பார்க்கிற?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை. லிஃப்ட் இன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கிற. அரை மணி நேரம் மூணாவது மாடியிலயே நின்னுடுச்சு. பாழாப்போன லிஃப்ட்." சொல்லும்போது அத்தை சுவரைப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. யாரையாவது கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று சந்தேகம் நூலகப் பையோடு லிஃப்டில் ஏறினாள். மூன்றாம் மாடியில் இறங்கி ஒளிந்துகொள்வது திட்டம். மூன்றாம் மாடி வந்ததும் கம்பிக் கதவைத் தள்ளினாள். அப்போது பாட்டுத் தொடங்கியது.

*கைப்பிடி உடைந்த சிவப்புக் குடை*
*கடைசி இருக்கையில் தனியாக.*

ஒரு பேருந்து. அதில் ஒரு சிறுமி குடையை மறந்துவிட்டு இறங்குகிறாள். உடைந்த கைப்பிடியை மஞ்சள் நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறாள். வண்டி கிளம்பியதும்தான் நினைவு வருகிறது. மழையில் துரத்திக்கொண்டு ஓடுகிறாள்.

*கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு,*
*கதவை மூடாதே.*
*வந்துகொண்டே இருக்கிறேன்,*
*என்னை விட்டுப் போகாதே.*

இரண்டாம் பகுதியில் குடை, தொலைந்த பொருட்களை வைக்கும் அறையில் கிடக்கிறது. அலமாரியில் ஒற்றைக் கையுறை, உடைந்த கண்ணாடி, நடுவில் குடை. வெளியே மழை. காவலுக்கு இருக்கும் ஊழியர் விளக்கை அணைத்துவிட்டு அறையைப் பூட்டப் போகிறார். இப்போது அதே வரிகளைப் பாடுவது குடை. *கொஞ்சம் பொறு, கதவை மூடாதே.*

இதைத்தான் நான் மெச்சுகிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பாடுகிற வாயை மட்டும் மாற்றினாள். முதலில் கால் ஓடியது, பிறகு நெஞ்சு ஓடியது. "சோகம்" என்ற வார்த்தையே பாட்டில் கிடையாது. மஞ்சள் நூலைச் சொன்னாள், அவ்வளவுதான். என் காலத்தில் நான் கேட்ட பாடகர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். ஒருவரும் ஒரு நூலை வைத்து என்னை இப்படிக் கட்டிப்போட்டதில்லை.

இரண்டாம் பகுதி முடிந்தது. கிட்டார் மட்டும் கொஞ்சம் நடந்தது. பிறகு நின்றது.

சந்தேகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். குடை கிடைத்ததா?

கிட்டார் மறுபடி நடந்தது. மறுபடி நின்றது.

"லிஃப்ட்!" என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். "யாருப்பா அது, எவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

யாரது என்று சந்தேகமும் கோபமாகக் குனிந்து பார்த்தாள். கம்பிக் கதவுக்கு நடுவில் ஒரு நூலகப் பை இருந்தது. அவளுடைய பைதான்.

பாவம், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உலகத்திலேயே அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அகப்பட்டுவிட்டாள்.

பையை எடுத்துக் கதவைச் சாத்தி லிஃப்டைக் கீழே அனுப்பிவிட்டு, எதிர் வீட்டுக்குள் போனாள்.

"அக்கா, மூணாவது பகுதி எங்க?"

"அதுதான் வரமாட்டேங்குது" என்றாள் கிட்டார் அக்கா. "தினமும் வேற வேற மாதிரி முடிச்சுப் பார்க்கிறேன். எதுவும் சரியில்ல. இனிமே முடிச்சும் என்ன? நாளைக்குக் கூட்டத்துல என்னைப் போகச் சொல்லிடுவாங்க." அறையில் பாதிச் சாமான் ஏற்கெனவே பெட்டிக்குள் போயிருந்தது.

சந்தேகம் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "லிஃப்டை நிறுத்துனது எல்லாரும்தான். குடை கிடைச்சுதான்னு தெரிஞ்சுக்க. தினமும் ஒருத்தர் கதவுல எதையாச்சும் வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இன்னிக்கு நான் நின்னேன்."

அக்கா கிட்டாரைப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"வெளியில நிக்கிறப்போ எனக்கு ஒரே கோவம். யாரு கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னு. உள்ள நின்னப்போ நானே பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கே தெரியல" என்றாள் சந்தேகம்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் அக்கா. அவள் கை தானாகக் கிட்டாரைத் தேடியது.

போவதற்கு முன் சந்தேகம் அவள் காதில் எதையோ சொன்னாள். அக்கா சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தரைத்தளக் கூடத்தில் கூட்டம். கட்டடமே வந்திருந்தது. என் மூட்டுவலிகூட வந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

செயலாளர் எழுந்தார். "இந்தப் பொண்ணோட பாட்டை யாராவது நின்னு கேட்டதுண்டா?"

"எனக்கு எங்க நேரம்?" என்றார் தையல்காரர்.

"அடுப்படியை விட்டு நான் நகர்றதே இல்லை" என்றார் சமையல்காரம்மா.

"என் கால் இருக்கிற இருப்புல பாட்டு ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் அத்தை.

"நானும் ஒரு வரி கேட்டதில்ல" என்றார் செயலாளர். "ஆக, யாரும் கேக்கல. அப்போ லிஃப்டை நிறுத்துனது இந்தப் பொண்ணுதான்."

நான் சந்தேகத்தின் பக்கம் குனிந்தேன். "பேரையெல்லாம் சொல்லிடேன். பட்டாணித் தோல் இருக்குல்ல?"

"சொன்னா எல்லாரும் வெக்கப்பட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க தாத்தா. அப்புறம் பாட்டை யாரு கேக்கிறது?" என்று எழுந்தாள். "செக்ரட்டரி மாமா, யாருமே கேக்காத பாட்டை எப்படிக் குத்தம் சொல்றது? ஒரு தடவை பாடச் சொல்லலாமே."

அது நியாயமாக இருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தாள்.

*கைப்பிடி உடைந்த நீலக் குடை...*

"சிவப்பு" என்றது கூடம்.

ஒருவர் இருவர் அல்ல. தையல்காரர் சொன்னார். சமையல்காரம்மா சொன்னார். அத்தை ஊன்றுகோலைத் தரையில் தட்டிச் சொன்னாள். நானும்தான் சொன்னேன், ஏன் மறைக்க வேண்டும். எல்லோருக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது.

"நீலம் இல்லம்மா. சிவப்பு. மஞ்சள் நூல் சுத்துன சிவப்புக் குடை."

எல்லோரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கையிலிருந்த பச்சை மிட்டாய்க் காகிதத்தை அவசரமாகச் சட்டைப்பையில் திணித்தார்.

"அது... பாட்டு காத்துல வந்து காதுல விழுந்துச்சு" என்றார்.

"ஆறாவது மாடிக்கா?" என்றாள் சந்தேகம், மிகவும் மரியாதையாக.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டால் யார் யாரைத் திட்டுவது?

"மூணாவது பகுதி இருக்கு. இன்னிக்குத்தான் வந்துச்சு. பாடட்டுமா?" என்றாள் கிட்டார் அக்கா.

பாடினாள்.

அந்தச் சிறுமி வளர்ந்து இப்போது பேருந்து ஓட்டுகிறாள். மழை நாள். வண்டியைக் கிளப்பப் போகிறாள். பக்கக் கண்ணாடியில் ஒரு கிழவர் ஓடி வருவது தெரிகிறது. தொலைந்த பொருள் அறையின் பழைய ஊழியர். யாரும் கேட்டு வராத குடையைத் தன்னோடு வைத்துக்கொண்டவர். *கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு, கதவை மூடாதே.* இந்த முறை இதைப் பாடுவது அவர். கேட்பது அவள். தலைக்கு மேலே குடையின் சிவப்புத் தெரிகிறது. கிட்டே வர வர, கைப்பிடியில் மஞ்சள் நூல்.

குடை அவளுக்குக் கிடைத்ததா என்று அக்கா பாடவே இல்லை. கடைசி வரி இதுதான்:

*கதவைப் பிடித்தபடி நின்றாள் அவள்,*
*வண்டி நகரவில்லை.*

கிட்டார் நின்றது. கூடத்தில் ஒரு ஆளும் நகரவில்லை. சுவரில் ஊர்ந்த பல்லிகூட நின்றுவிட்டது என்று சத்தியம் செய்வேன்.

அத்தைதான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். "இதை லிஃப்டுல நின்னு கேக்கிறது கஷ்டமா இருக்கு. தினமும் இங்கயே பாடிடும்மா. நான் நாற்காலியிலதான் இருக்கேன்."

"லிஃப்டும் நிக்காம ஓடிக்கிட்டு இருக்கும்" என்றாள் சந்தேகம்.

எல்லோரும் தலையாட்டினார்கள். காலி செய்வது பற்றி யாரும் பேசவில்லை. தையல்காரர் அக்காவின் பெட்டிகளைப் பிரிக்க உதவுவதாகச் சொன்னார்.

நான் செயலாளரின் பக்கத்தில் போய் நின்றேன். "இப்பவாவது சொல்லுங்க சார். நம்ம லிஃப்ட் பாட்டுக் கேட்க நின்னுச்சா, இல்லையா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மிட்டாயைப் பிரித்துச் சந்தேகத்திடம் நீட்டினார். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"நின்னுச்சு" என்றார். "உள்ள நான்தான் இருந்தேன்."